தூக்கிப் பார்க்கிறவர்களுக்காக

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பைக் ஓட்டுகிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. கிராம் என்றால் தெரியும். எந்த போல்ட்டைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்துக் குலுக்கி, இத்தனை கிராம் என்று சொல்லிவிட்டுத்தான் தராசில் வைப்பார். அநேகமாகச் சரியாக இருக்கும். சரியாக இல்லாவிட்டால் தராசைத் தட்டிப் பார்ப்பார். தற்பெருமை கொஞ்சம் உள்ள மனிதர். கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்காக.

அவருடைய பட்டறையில் ட்ரையல்ஸ் பைக் மட்டும்தான். வேகமாகப் போகிற பந்தயம் இல்லை அது. பாறை, மரக்கட்டை, சேற்று மேடு, சிமென்ட் குழாய் என்று எதன்மேல் ஏறச் சொல்கிறார்களோ அதன்மேல், கால் தரையில் படாமல் ஏறி இறங்க வேண்டும். கால் ஊன்றினால் ஒரு புள்ளி போச்சு, விழுந்தால் ஐந்து போச்சு. உட்கார்கிற பேச்சே இல்லை என்பதால் வண்டிக்கு சீட்டே கிடையாது. நின்றபடியே, ஓட்டுகிறவர் தன் உடம்பால் வண்டியைத் தூக்கிப் போட்டு, திருப்பி, குதிக்கவைக்க வேண்டும். அதனால்தான் எடையைப் பற்றி இவ்வளவு கவலை. ஒரு கிலோ கூடினால் மத்தியானத்துக்கு மேல் தோள்பட்டை சொல்லிவிடும்.

அதற்காக எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கண்ட இடத்தில் ஓட்டை போட்டால், வண்டி பாறைமேல் பல்லை இளித்துவிடும். இதை கிராமைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் கவசத் தகட்டை மெலிதாக்கச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். ஒரு பாறை இடித்தால் தகடு குழிந்து எஞ்சின் உடம்பு விரிசல் விடும், அப்புறம் வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போ என்று திட்டி அனுப்பிவிடுவார். நடுவில் கனமாக விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் செதுக்குவார். கால் வைக்கிற இடத்தில், ஹேண்டிலில், அச்சில், பிரேக்கில் அரத்தைக் கொண்டுபோகவே மாட்டார். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற எடையை எடுக்கலாம், வேலை செய்கிற எடையை எடுக்கக் கூடாது என்பார். வாய் எப்போதும் சரியாகத்தான் சொல்லும்.

அவர் தயார் செய்த வண்டிகளிலேயே நல்ல வண்டியை ஓட்டியது அவருடைய மகள். போட்டியில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கூடவே நடந்து வருவார். வண்டி கைமீறிப் போனால் எட்டிப் பிடிப்பது அவர் வேலை. பிடித்தால் புள்ளி போகும், எலும்பு தப்பும். மகளுக்கு அப்படிப் பிடிக்கிறவர் மாப்பிள்ளை. தொழில் டைல்ஸ் போடுவது. ஆளகலக் கல்லைத் தனியாகத் தூக்கிச் சுவரோடு நிறுத்துகிற கை. கல்யாணத்துக்கு முன்பே இந்த வேலைக்கு வந்தவர். மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். மாமா செய்த வண்டி என்றால் அவருக்கு மறுபேச்சே கிடையாது. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் கிராமுக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை.

இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பிப்பதற்கு முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஆளாளுக்கு வந்து, அடுத்தவர் வண்டியின் வாலை ஒற்றைக் கையால் பிடித்து, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி தூக்கிப் பார்ப்பார்கள். தராசெல்லாம் யாரும் கொண்டுவருவதில்லை. தூக்கியவர் உதட்டைப் பிதுக்கினால் மெக்கானிக்கின் மானம் கப்பலேறியது. புருவத்தை உயர்த்தினால் அன்றைக்கு அவர்தான் ராஜா. வண்டி அப்புறம் பாறைமேல் என்ன செய்தது என்று கேட்கிறவர்கள் குறைவு.

பக்கத்துத் தெருவில் சங்கிலி என்று ஒருவர் பட்டறை வைத்திருந்தார். எந்நேரமும் ஒரு செயினைக் கையில் சுழற்றிக்கொண்டே பேசுவதால் அந்தப் பெயர். போன போட்டியில் சங்கிலியின் வண்டியைத் தூக்கியவர்களெல்லாம் பூ மாதிரி இருக்கிறது என்றார்கள். கிராமின் வண்டியைத் தூக்கியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவன் மட்டும், "அண்ணன் வண்டி கெட்டியா இருக்கும்" என்றான். ஆறுதல் சொல்கிற குரல் அது. மகள் அன்றைக்குக் கோப்பையோடு திரும்பினாள். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேனை ஓட்டினார்.

வண்டியின் பின்பக்கம், மட்கார்டுக்கு அடியில், அலுமினியக் குழாயை வளைத்துச் செய்த வளையம் ஒன்று இருக்கும். தூக்குகிறவர்கள் பிடிப்பது அதைத்தான். கிராமுக்குக் கணக்கு தெரியும். வாலைப் பிடித்துத் தூக்கும்போது முன் சக்கரம் தரையில்தான் இருக்கும். அதனால் வண்டியின் நடுவில் குறைக்கிற எடை தூக்குகிற கைக்குப் பாதிதான் தெரியும், வாலில் குறைத்தால் முழுசாகத் தெரியும். ஓட்டுகிறவளுக்கு அதனால் பைசாப் பிரயோசனம் இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கனத்த குழாயைக் கழற்றிவிட்டு மெல்லிய குழாயில் புது வளையம் வளைத்தார். அதுவும் போதாமல், வெளியே தெரியாதபடி அடிப்பக்கத்தில் வரிசையாக ஓட்டை போட்டார். மட்கார்டைப் பாதியாகச் சுரண்டினார். எல்லாம் முடிந்து ஒற்றை விரலில் வாலைத் தூக்கிப் பார்த்தபோது, தனியாக நின்று சிரித்துக்கொண்டார்.

அந்த வளையம் வேலை செய்கிற எடை. வண்டி விளிம்பைத் தாண்டிச் சரியும்போது மாப்பிள்ளை பிடிப்பது அதைத்தான். அது நினைவுக்கு வராமலும் இல்லை. போட்டி அன்று காலையில் மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது, வாலைப் பிடிக்காதீங்க, சக்கரத்தைப் பிடிங்க என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். அதற்குள் சங்கிலியே வந்து வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, செயினைச் சுழற்றுவதை நிறுத்தினார். கூட்டம் சேர்ந்தது. ஆளாளுக்குத் தூக்கினார்கள், புருவங்கள் உயர்ந்தன. கிராம் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டார்.

விழுந்தது ஆள் உயரப் பாறையிலிருந்து. மகள் ஏறுவதெல்லாம் அழகாக ஏறிவிட்டாள். மேலே நின்று வண்டியைத் திருப்பும்போது முன் சக்கரம் விளிம்பை விட்டு நழுவியது. கூடவே பாறைமேல் ஏறிப் பின்னால் நின்ற மாப்பிள்ளை பாய்ந்து வாலைப் பிடித்தார். பிடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த நொடி வண்டியும் அவளும் கீழே கிடந்தார்கள். வண்டி அவள் கால்மேல் கிடந்தது. மாப்பிள்ளை மேலே வெறுங்கையோடு நின்றார். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்ட பிறகு, வண்டியை வேனில் ஏற்றும்போது கிராம் வாலைப் பார்த்தார். ஹேண்டில் கோணியிருந்தது, மட்கார்டு சிதறியிருந்தது, வளையம் அறுந்திருந்தது. விழுந்த வண்டியில் உடையாதது எது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாறையில் இடித்து உடைந்தால் குழாய் நசுங்கும், சிராய்ப்பு இருக்கும். இதில் ஒரு கீறல் இல்லை. ஓட்டை போட்ட இடத்தில் சுத்தமாகக் கிழிந்து, வளையம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. பிடித்த கை அந்தத் திறந்த வாய் வழியாக வெளியே வந்திருக்கிறது. பழைய துணி ஒன்றை எடுத்து வாலின்மேல் போட்டு மூடினார்.

அன்று சாயங்காலமே வளையத்தைக் கழற்றித் துண்டு துண்டாக அறுத்து, பழைய அலுமினியத் தொட்டியில் போட்டுக் கலக்கிவிட்டார். பழைய சாமான் வாங்குகிறவர் வந்து அள்ளிக்கொண்டு போனார். இதையெல்லாம் அன்றாட வேலைபோல நிதானமாகச் செய்தார். அதை நினைத்துத்தான் பின்னால் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வீட்டில் பழி முழுக்க மாப்பிள்ளை தலையில் விழுந்தது. கிராமின் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். மகள் படுத்திருந்த அறைக்கு வெளியே நின்று, "கல்லைத் தூக்குற கைக்குப் பொண்டாட்டியைப் பிடிக்கத் தெரியலையே" என்று மாப்பிள்ளை காதுபடவே சொன்னாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர்ச் செம்பை உள்ளே எடுத்துப் போனார். விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் அவரே முந்திக்கொண்டு, பிடித்த மாதிரிதான் இருந்தது, அப்புறம் கையில் ஒன்றும் இல்லை, தப்பு என்மேல்தான் என்று சொன்னார். பொய்யாகத் தியாகம் செய்யவில்லை. தன் கை விட்டுவிட்டது என்று அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார். கிராம் பக்கத்தில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மகளும் கணவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததுதான் பெரிய தண்டனை. அவள் பேசுவது குறைந்தது. கால் சரியானதும் பிடிப்பதற்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள், மாப்பிள்ளையும் ஆமாம் என்று தலையாட்டினார். வேலைத்தளத்தில் அவர் இப்போது பெரிய கல்லைத் தொடுவதில்லை என்றும், கூட வேலை செய்கிறவனைத் தூக்கச் சொல்லிவிட்டுச் சிமென்ட் பூசிக் கொடுக்கிறார் என்றும் கிராமின் காதுக்கு வந்தது. ஆண்பிள்ளைக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன என்று மனைவி கேட்டாள். வேறென்ன என்று கிராமுக்குத்தான் தெரியும்.

மாவுக்கட்டோடு அவளை மாடியறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த நாளில்தான் அவர் உடைந்தார். மாப்பிள்ளை அவளைத் தூக்கக் குனிந்தவர், பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார். கீழ்வீட்டு டிரைவரைக் கூப்பிட்டுவந்து, "நீங்க தூக்குங்க, நான் பின்னால வரேன். என் கைய நம்ப முடியாது" என்றார். மகள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரைவர் தூக்க, மாப்பிள்ளை பின்னாலேயே தலையணையை ஏந்திக்கொண்டு படியேறினார். கிராம் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

மறுநாள் மகளிடம் சொல்லிவிட்டார். மெல்லிய குழாய், அடிப்பக்கத்து ஓட்டை, அறுந்த இடம் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக இப்படியெல்லாம் கதை கட்டாதீங்கப்பா. அவரும் நானும் சரியாப் போகணும்னு நினைக்கிறீங்க, அது எனக்குப் புரியுது."

"கதை இல்லம்மா. நிஜமாத்தான் சொல்றேன்."

"நீங்களா வால்ல ஓட்டை போடுவீங்க? யார்கிட்ட சொல்றீங்க?" என்றாள். பிறகு அந்த வளையத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று கேட்டாள். அவர் திருதிருவென்று விழித்தார். பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன் என்றார். அவள் சிரித்தே விட்டாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மனைவி அதைக் கேட்டுவிட்டு நாலு பேரிடம் சொன்னாள். மருமகன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற மாமனார் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. சங்கிலியே பட்டறைக்கு வந்து, செயினைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கிராமின் கையைப் பிடித்து, "தொழில்ல நமக்குள்ள ஆயிரம் இருக்கும், மனுஷன்னா நீங்கதான்" என்றார். கிராம் கூனிக் குறுகிப் போனார். தப்புச் செய்தபோது கிடைத்த புகழே அவருக்குத் தாங்கவில்லை. அதை ஒப்புக்கொண்டதற்கும் புகழ் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது.

விஷயம் மாப்பிள்ளை காதுக்கும் போனது. அவர் வந்து, எனக்காக இவ்வளவு செய்யாதீங்க மாமா என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதற்கு மேல் சொல்லிப் பிரயோசனம் இல்லை, செய்துதான் காட்ட வேண்டும். கிராம் பட்டறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதே ரக மெல்லிய குழாயை எடுத்து, அதே மாதிரி வளைத்தார். அடிப்பக்கத்தில் அதே இடங்களில் டிரில்லை வைத்தார். வாழ்நாள் முழுக்க உடையாமல் செய்யப் பாடுபட்ட மனிதர், உடைய வேண்டுமே என்று கவலையோடு ஒரு சாமானைச் செய்தார். அலுமினியச் சுருள் மடியில் உதிர உதிர, முதல் தடவை இதைச் செய்தபோது தான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. காதுமடல் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் பட்டறைக்கு வரவழைத்தார். மகள் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி ஏற்றுகிற பலகையை வேன் வாசலிலிருந்து கீழே சாய்த்திருந்தார். பலகையின் உச்சியில் அந்த வளையம் மாட்டிய வண்டி, முன் சக்கரம் கீழ்நோக்கி. கால் வைக்கிற இடத்தில் மகளின் எடைக்கு மணல் மூட்டை கட்டியிருந்தது. கீழே பழைய டயர்க் குவியல். பலகைக்குப் பக்கத்தில் நின்று, ஹேண்டிலைப் பிடித்தபடி அவர் வாலைக் காட்டினார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு எப்படிப் பிடிச்சீங்களோ அதே மாதிரி பிடிங்க. நான் ஹேண்டிலை விடப்போறேன்."

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. தன் கைக்குப் பரீட்சை வைக்கிறார்கள், அதையும் மனைவியின் கண்ணெதிரில் வைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். வேண்டாம் மாமா என்றார். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு பட்டது போதாதாப்பா? விட்டுடுங்க" என்றாள். அவள் கணவனுக்காகப் பேசி அவர் கேட்டு நாளாகியிருந்தது. இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்கள் என்று கிராம் கும்பிட்டார். மாமனார் கும்பிட்டதில் பதறிப்போய் மாப்பிள்ளை வேனில் ஏறி, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்தார். விரல் மூட்டெல்லாம் வெளுத்தது.

கிராம் ஹேண்டிலை விட்டார். வண்டி பலகையில் சரிந்தது, மாப்பிள்ளையின் கைகள் விறைத்து அதை நிறுத்தின, ஒரு மூச்சு நேரம் வண்டி அப்படியே நின்றது. பிறகு குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வளையம் வாயைத் திறந்தது, வண்டி உருண்டு டயர்க் குவியலில் போய் விழுந்தது. மாப்பிள்ளை அன்றைக்கு நின்ற மாதிரியே மேலே நின்றார்.

மாப்பிள்ளை இறங்கி வந்து, குவியலில் கிடந்த வண்டியின் வாலைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டைகளின்மேல் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலை வைத்தார். மகளும் எட்டிப் பார்த்தாள். அவள் இத்தனை வருஷமாக அந்த வண்டிமேல் நிற்கிறவள். யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எதுக்குப்பா?" என்றாள்.

"தூக்கிப் பார்க்கிறவங்களுக்காக" என்றார் கிராம். சொல்லும்போது அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவர் காதுக்கே கேட்டது.

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் லேசாகும் என்று ஓர் ஆசை. உண்மையைச் சொல்லியாயிற்று, நிரூபித்தும் ஆயிற்று, இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்று மூச்சு விடப் போனவரை மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"மாமா, அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் அழுதுட்டிருந்தப்ப, நீங்க வந்து என் தோளைத் தட்டினீங்க. எல்லாருக்கும் கை தவறும் மாப்பிள்ளைன்னு சொன்னீங்க. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

மகளிடம் எல்லாவற்றையும் சொன்ன கிராம் இதை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்படி ஒன்றைச் சொன்னதே அவர் நினைவில் தங்கவில்லை. இப்போது அந்தத் தோளின் சூடு கையில் உறைத்தது. தெரியாது, வண்டியைப் பிறகுதான் பார்த்தேன் என்று ஒரு பொய் தயாராக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இத்தனைக்குப் பிறகும் அது வந்ததே என்றுதான் அவர் குன்றிப்போனார்.

"தெரியும்" என்றார்.

மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கணவனிடம், "வண்டிய வேன்ல ஏத்துங்க. இனிமே இத வேற பட்டறைல பாத்துக்கலாம்" என்றாள். மாப்பிள்ளை மணல் மூட்டையை அவிழ்த்துக் கீழே போட்டார். ஹேண்டிலைப் பிடித்து வண்டியைப் பலகைக்குக் கொண்டுவந்தார். பலகை நல்ல ஏற்றம், தனியாக ஏற்றுவது கஷ்டம். பழக்க தோஷத்தில் கிராம் ஓடிப்போய்ப் பின் சக்கரத்தில் கை கொடுத்தார்.

"நீங்க விட்டுடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "நான் பிடிச்சுக்கிறேன்."

கிராம் கையை எடுத்துக்கொண்டு, பலகையை விட்டு ஒதுங்கி நின்றார்.